லாலாங் யோகாவின் வலது கை

கல்யாண வீட்டில் படம் எடுப்பவனுக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். ஆட்டுப் பிரட்டலை வழித்தெடுத்து, ரசத்தில் தண்ணீரும் ஊற்றிய பிறகுதான் யாருக்காவது ஞாபகம் வரும், போட்டோக்காரர் சாப்பிட்டாரா என்று. அதனால் நீங்கள் வாங்கிவரச் சொன்ன மீ கோரேங்கைச் சூடாகச் சாப்பிட்டதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம், இன்ஸ்பெக்டர். வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதே என்று என் மைத்துனர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் மெர்கோங்கில் டயர் கடை வைத்திருப்பவர். எதையும் பஞ்சர் ஒட்டுகிற மாதிரிதான் யோசிப்பார். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் தமிழ் ஆளாக இருப்பதும் நல்லதாகப் போயிற்று. நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் புவனேஸ்வரன். பீடோங்கில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, போட்டோ அண்ணன்தான். கடைத்தெருவில் சின்ன ஸ்டூடியோ. சுற்றியிருக்கும் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் நான்தான் போவேன். அது சோற்றுக்கு. நீ யார் என்று கேட்டால் அதைச் சொல்ல மாட்டேன். பதினைந்து வருஷமாகக் கெடாவில் ராப் பாடுகிற நம் பையன்களைப் படம் எடுத்தவன் நான். வேறு யாரும் எடுக்கவில்லை. கோலாலம்பூர்க்காரர்களுக்கு மேடை, வெளிச்சம், பேட்டி எல்லாம் கிடைத்தது. இங்கே செம்பனைக் காட்டு ஓரத்தில், மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஸ்பீக்கரைக் கட்டிவைத்துப் பாடியவர்களுக்கு என் கேமராவை விட்டால் நாதியில்லை. எனக்கும் அவர்களை விட்டால் நாதியில்லை, அது வேறு விஷயம்.

அவர்களில் ஒருவன் யோகேந்திரன். சுங்கை லாலாங் தோட்டத்துப் பையன். லாலாங் யோகா என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். முதன்முதலில் அவனைப் பார்த்தது சுங்கைப்பட்டாணியில், ஒரு தீபாவளிச் சந்தையில். பாதிப் பாட்டில் மைக் செத்துப்போனது. கூட இருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். இவன் மட்டும் மேடையின் விளிம்புக்கு வந்து தொண்டையாலேயே பாடினான். அவன் அம்மா குணசுந்தரி தோட்டத்தில் லாலாங் புல்லுக்கு மருந்து அடிக்கிறவர். டப்பாவைச் சுமந்து சுமந்து அவர் முதுகு வளைந்த கதையை, மலாயும் கெட்ட வார்த்தையும் கலந்து ஒரே மூச்சில் கொட்டினான். "மருந்தடிச்சா சாவேன்னு நெனச்சியா, மழ பேஞ்சா வருவேன்டா" என்று அவன் முடித்தபோது, கறிபஃப் விற்றுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாகூடக் கை தட்டினார். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அன்றைக்கு எடுத்ததுதான்.

அதற்குப் பிறகு அவன் போன இடமெல்லாம் போனேன். என் வீட்டில் சாப்பிடுவான். அவன் அப்பா இறந்தபோது காடு வரைக்கும் போய்ப் படம் எடுத்துக் கொடுத்தேன். பையன்கள் எல்லாரையும் நான் பொத்திப் பொத்தித்தான் வைத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கேமராவைப் பார்த்தால் இவர்கள் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். விரலை மடக்குவான், விரிப்பான், நெஞ்சுக்குக் குறுக்கே வைப்பான். இங்கே சில விரல்களுக்கு அர்த்தம் உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு அடிதடிக் கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கென்று ஒரு கை முத்திரை இருக்கிறது. அதே கையைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துக் காட்டினால், செத்துப்போன அவர்கள் தலைவனை மிதிக்கிறேன் என்று பொருள். ஒரு தடவை வேறொரு பையன் விளையாட்டாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டான். "டேய், உசிரோட வீடு போய்ச் சேரணுமா வேணாமா?" என்று அதட்டி, அந்தப் படத்தை யார் கண்ணிலும் படாமல் வைத்துவிட்டேன். நான் அவ்வளவு பொறுப்பான ஆள்.

பிறகு இனிப்பு நீர் வியாதி என் கண்ணைப் பிடித்தது. இடது கண் போய்விட்டது, வலது கண்ணும் அந்த வழியில்தான் போகிறது என்று அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் பெண் சொன்னாள். அழகாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற படம் முழுக்க மங்கலாக வந்து, பெண்ணின் சித்தப்பா என்னை எல்லார் முன்னாலும் வைதார். அவர் வைதது நியாயம். அதோடு கல்யாண வேலை எல்லாம் டிரோன் வைத்திருக்கும் பையன்களிடம் போய்விட்டது. என் மனைவி தேவகியும் அண்ணன் வீட்டுக்குப் போனாள். சண்டை ஒன்றுமில்லை. "என்னைய எப்பவாச்சும் நேரா பாத்திருக்கீங்களா நீங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். பதில் கிடைப்பதற்குள் டாக்சி வந்துவிட்டது.

ஆள் ஒடிந்துபோய்க் கிடந்த அந்த நேரத்தில்தான் பினாங்கிலிருந்து ஐனா என்ற பெண் வந்தார். அங்கே ஒரு காட்சிக்கூடம் நடத்துகிறவர். என் ஸ்டூடியோத் தரையில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை படங்களைப் பார்த்தார். ஓரிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதெல்லாம் இவ்வளவு நாள் எங்கே இருந்தது, என்சிக், என்று மலாயில் கேட்டார். எங்கே இருந்தது? இங்கேதான், என்னோடு சேர்ந்து பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு முழுக் காட்சியும் ஒரு புத்தகமும் செய்யலாம் என்றார். சுவரில் என் பெயர், இன்ஸ்பெக்டர். போட்டோ அண்ணன் இல்லை, புவனேஸ்வரன் என்று முழுசாக.

ஒரே ஒரு நிபந்தனை. படத்தில் இருக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். உயிரோடு இல்லாதவர்களுக்கு வீட்டார் சொன்னால் போதும். மற்ற பையன்கள் போனிலேயே சரி என்றுவிட்டார்கள். ஆனால் காட்சியே யோகாவைச் சுற்றித்தான். அவனை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது, மாப்பிள்ளை வராத மணவறைதான்.

அவனோ அப்போது பாடுவதை விட்டுவிட்டிருந்தான். சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷன். ஷீலா என்ற பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் அப்பா கோயில் கமிட்டித் தலைவர். பாய் கடையில் ரொட்டிக்குச் சொல்லிவிட்டு விஷயத்தை எடுத்தேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வேணாம்லா," என்றான்.

"ஏன்டா?"

"சட்ட இல்லாம, பீர் பாட்டலோட, வாயத் தொறந்தா கெட்ட வார்த்த. ஷீலா பாத்தா சிரிப்பா, பரவால்ல. அவங்கப்பா பாத்தாருன்னா கல்யாணம் நின்னுரும்ணே. அம்மா இப்பதான் கொஞ்சம் நிம்மதியா தூங்குறாங்க."

"அது கலைடா, யோகா. உனக்குப் புரியாதா?"

"அப்ப உங்க கல்யாண ஆல்பத்த மாட்டுங்கண்ணே." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எல்லாத்தையும் டிலீட் பண்ணிருங்க. என் கண்ணு முன்னாடி பண்ணுங்க. ப்ளீஸ்ணே," என்றான்.

அதற்குப் பிறகு நான் கெஞ்சியதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தொழிற்சாலை வாசலில் மழையில் நின்றேன். மோட்டார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் பார்க்க அவன் காலில் விழுந்தேன். வயதில் மூத்தவன் விழுந்தால் சின்னவனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள், தெரிந்துதான் விழுந்தேன். அவன் துள்ளிப் பின்னால் போய், "என்னண்ணே இது, எந்திரிங்கண்ணே," என்று அழுதான். அழுதானே தவிர, சரி என்று சொல்லவில்லை. அவன் அம்மாவிடம் போனேன். "அவன் வேணாம்னா வேணாம் தம்பி. நீங்க சாப்டீங்களா?" என்றார் குணசுந்தரி அக்கா. மீன் குழம்பு ஊற்றினார். நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இன்னொரு பதினைந்து வருஷம் என்னிடம் இல்லை. இன்னொரு கண்ணும் இல்லை. காலையில் எழுந்ததும் சுவர்க் காலண்டரில் எந்த எழுத்து வரை தெரிகிறது என்று பார்ப்பேன். ஒவ்வொரு வாரமும் ஒரு வரி போய்க்கொண்டிருந்தது. ஐனா போன் செய்து, அவர் ஒத்துக்கொண்டாரா, அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பார். இதோ, இதோ என்பேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். ஆனால் பிடிக்கவில்லை, நான் நிதானமாகத்தான் இருந்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

கல்யாணப் படத்தில் ஒரு வேலை உண்டு. குடும்பப் படத்தில் ஒரு மாமா கண்ணை மூடியிருப்பார். அடுத்த படத்தில் அவர் கண் திறந்திருக்கும். அதை எடுத்து இதில் வைத்துவிடுவேன். அப்பா இல்லாத பெண்ணுக்கு, இறந்துபோன அப்பாவைப் பழைய படத்திலிருந்து எடுத்துவந்து மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். பார்த்துவிட்டு அவள் அழுவாள். கும்பிடுவாள். இது பொய் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

யோகாவின் படத்தில் நான் செய்தது அதைவிடச் சின்ன வேலை. அவன் முகம் தெளிவாக இருக்கும் ஒரு படத்தை எடுத்தேன். கீழுதட்டை மடித்துக் கோணலாகச் சிரிக்கிற சிரிப்பு, அவனுக்கே உரியது. அந்தப் படத்தில் அவன் வலது கையை எடுத்துவிட்டு, நான் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேனே, அந்த இன்னொரு பையனின் கவிழ்ந்த கையை வைத்தேன். நிறத்தைச் சரிசெய்தேன். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அதைச் செய்வது சாதாரணம் இல்லை. புது நம்பர் ஒன்று வாங்கி, அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கு அனுப்பினேன். இவன் எங்கே, எப்போது தனியாக இருப்பான் என்பதையும் எழுதினேன்.

அடிப்பார்கள் என்று தெரியும். கை கால் உடையும், கல்யாணம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்து, பொறுமையாகப் பேசிச் சம்மதம் வாங்கிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். கொல்ல வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கண்ணீர் அஞ்சலி பேனரைப் பற்றி நீங்கள் கேட்கப் போகிறீர்கள். ஆமாம், அவன் போவதற்கு முன்பே அதைச் செய்து அச்சுக் கடைக்கு அனுப்பிவிட்டேன். கடைக்காரர் சொன்னது சரிதான். தோட்டத்தில் சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கடைசி நேரத்தில் யாராவது ஐசி அடையாள அட்டையிலிருந்து ஒரு படத்தைப் போனில் பிடித்துக் கொண்டுவருவார்கள். மூக்கு அகன்று, நெற்றியில் பிளாஸ்டிக் மினுங்க, அதைப் பெரிதாக்கி லயத்து வாசலில் கட்டுவார்கள். லாலாங் யோகாவுக்கு அப்படி ஒரு படமா? என்னால் தாங்கிக்கொள்ள முடியாது. அது முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான். அவன்மேல் அக்கறை இல்லாதவன் அதைச் செய்வானா?

பேனர் ரொம்ப நன்றாக வந்திருந்தது. துக்க வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள். குணசுந்தரி அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, எம்புள்ள படமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? அழிக்கச் சொல்லிட்டு இருந்தான். ஒன்னையும் அழிச்சிராதீங்க தம்பி. எல்லாத்தையும் போடுங்க. எல்லாரும் அவனப் பாக்கட்டும்," என்றார். நான் கேட்கக்கூட இல்லை. அவராகச் சொன்னார். அன்றைக்கு நானும் அழுதேன், அதில் நடிப்பு இல்லை.

பினாங்கில் காட்சி திறந்தபோது கூட்டம் தெருவரை நின்றது. பையன்கள் அவன் முகம் போட்ட டீ சட்டை அணிந்து வந்து, வாசலில் வட்டமாக நின்று அவன் வரிகளைப் பாடினார்கள். ஷீலா வந்தாள். அவள் அப்பாவும் வந்தார். சட்டை இல்லாமல், பாட்டலோடு யோகா நிற்கிற படத்துக்கு முன்னால் அந்தக் கோயில் தலைவர் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். யோகா வீணாகப் பயந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதற்குள் நீங்கள் அந்த ஆட்களைப் பிடித்துவிட்டீர்கள். அவர்கள் போனில் இருந்த படத்தைக் கொண்டுபோய்க் குணசுந்தரி அக்காவிடம் காட்டினீர்கள். இது என் மகன் கை இல்லை என்று அவர் உடனே சொன்னதாகச் சொன்னீர்கள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்ததும் வெட்கமாக இருந்தது. அந்தப் படம் தைப்பூச விரதத்தில் எடுத்தது. மஞ்சள் சட்டை, கழுத்தில் மாலை. வலது கையில் காப்பு கட்டியிருந்தான், அவன் அம்மாவே கோயிலில் கூட நின்று கட்ட வைத்தது. நான் வைத்த கையில் காப்பு இல்லை. காவடி இறக்கிக் காப்பை அவிழ்க்கிற வரைக்கும் அது கையைவிட்டுப் போகாது என்று எந்தப் பெற்றவளுக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷமாக மாப்பிள்ளை கையில் கங்கணம் இருக்கிறதா, மஞ்சள் கயிறு மறைகிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தவன் நான். இவ்வளவு நடந்ததில் எனக்கு நிஜமாகவே உறுத்துவது அதுதான்.

கடைசியாக, என் கேமராவில் நீங்கள் கண்டெடுத்த படங்கள். அவற்றைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, ஐனாவிடம்கூட.

யோகாவை அங்கே வரச் சொன்னது நான்தான். சுங்கை லாலாங் பழைய ரப்பர்க் கொட்டகை. எல்லாவற்றையும் உன் கண் முன்னாலேயே அழித்துவிடுகிறேன், அதற்கு முன் இப்போது இருக்கிற மாதிரி உன்னை ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நிச்சயத்துக்குப் போட்ட சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்தான். "தேங்க்ஸ்ணே. எனக்குத் தெரியும், நீங்க என்னைய விட்டுக் குடுக்க மாட்டீங்கன்னு," என்றான். சாயங்காலத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் அப்போதுதான் சாய்ந்து இறங்கும். என் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தேவை.

மோட்டார் சத்தம் கேட்டதும் நான் உடைந்த சுவருக்குப் பின்னால் போய்விட்டேன். அவர்கள் ஹெல்மெட்டாலும் கட்டையாலும் அடித்தார்கள். அவன் என்னைக் கூப்பிட்டான், அண்ணே, அண்ணே என்று. அவர்கள் போன பிறகு வெளியே வந்தேன். அவன் மல்லாந்து கிடந்தான். முகத்தின் ஒரு பாதியில் வெயில் விழுந்திருந்தது. மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அது போகிற வரைக்கும் எடுத்தேன். போன பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது, தலையை அசைக்கவே முடிந்திருக்காது என்றும் எழுதியிருக்கிறார். நீங்கள் இரண்டு தடவை படித்துக் காட்டினீர்கள். டாக்டர்கள் எலும்பைப் பார்க்கிறவர்கள், இன்ஸ்பெக்டர். அவன் முகத்தைப் பதினைந்து வருஷம் பார்த்தவன் நான். படம் வேண்டாம் என்று நினைக்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் கடைசிவரைக்கும் என் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான், திருப்பவில்லை. யோகேந்திரன் தானாகவே சம்மதித்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.